நராச்சிக்கு எப்படிப் போவது?

‘கே.ஜி.எஃப்’ படத்தின் தவறுகளைப் பட்டியல் போட எங்கள் கோலார் தங்க வயல் பக்கத்து ஆட்களைவிடத் தகுதியானவர்கள் கிடைக்க மாட்டார்கள். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம், இந்தப் பக்கம் பேத்தமங்களா, எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் சரி, பேச்சு அந்தப் படத்துக்கு வந்துவிட்டால் டீ ஆறிப்போகும். 1951இல் நராச்சி என்ற இடத்தில் தங்கம் இருப்பதைக் கண்டுபிடித்தார்களாம். அந்த 1951இல் சாம்பியன் ரீஃப் உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. ஜான் டெய்லர் கம்பெனி 1880இலிருந்து இங்கே தோண்டிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக்கல் எடுப்பதாக ஊரை ஏமாற்றி ஒரு குடும்பம் திருட்டுத்தனமாகத் தங்கம் எடுத்ததாம். இங்கே எடுத்த தங்கத்துக்கு மைசூர் அரசாங்கம் ராயல்டி வாங்கியது, லண்டனில் பங்குதாரர்களுக்குக் கணக்குப் போனது. ரகசியம் என்று ஏதாவது இருந்திருந்தால் அது தொழிலாளியின் நுரையீரலில் படிந்த கல்தூசிதான்.

என் பெரியப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். பூமிக்கு அடியில் மேல்கல் சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. டி.வி.யில் இந்தப் படம் ஓடும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது தனி அனுபவம். “இன்னாடா இது, கேஜ் எங்க கீது? ஆளுங்கள எதுல எறக்கறான்? காத்து எங்கேர்ந்து வருது? இத்தினி பேரு உள்ள தீப்பந்தம் வச்சிக்கினு நின்னா மூச்சு முட்டிச் செத்துப்புடுவாங்க.” முட்டு மரம் இல்லை, சிஃப்ட் சங்கு இல்லை, மேஸ்திரி இல்லை. ஏர் பிளாஸ்ட் பற்றிப் பேச்சே இல்லை. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிப்பதற்கு இங்கே அதுதான் பெயர். கோலார் சுரங்கங்களில் அதற்கு ஆள் போகாத குடும்பம் குறைவு. இவ்வளவும் சொல்லிவிட்டு, விளம்பரம் வந்ததும் யாரோ ரிமோட்டைத் தொட்டால் அவருக்குக் கோபம் வரும். “டேய், அவன் இப்ப உள்ள போவப்போறான், மாத்தாத.”

தொழில் தெரிந்தவர் அவர். படம் பொய் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் கதாநாயகன் ராக்கி உள்ளே போவதைப் பார்த்தே ஆக வேண்டும் அவருக்கு. குறையைக் காணாததால் வருகிற ரசனை இல்லை இது. குறையை மன்னித்து வருவதும் இல்லை. அவர் எதையும் மன்னிக்கவில்லை.

பேத்தமங்களாக்காரனாக எனக்கும் தனியாக ஒரு புகார் உண்டு. எங்கள் ஊரின் முக்கியமான சங்கதி ஏரி. நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் பாலாற்றை மறித்துக் கரை போட்ட பழைய ஏரி இது. இதன் உபரிதான் ராமசாகரம் போய், ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுப் பாலாறாகிறது. தங்க வயல் மேட்டு நிலம், ஆறில்லாத இடம். சுரங்கமும் ஆயிரக்கணக்கான குடும்பங்களும் பெருகியபோது இந்த ஏரித் தண்ணீரை வடிகட்டி, பம்பு வைத்து, குழாயில் மேலே ஏற்றினார்கள். சிவசமுத்திரத்தில் காவிரியைத் திருப்பி எடுத்த மின்சாரம் 1902இல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பியில் ஓடி வந்து இங்கே விளக்கெரித்ததைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. பேத்தமங்களா தண்ணீரைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. தங்கம் இல்லாமல் ஊர் இருந்துவிடும். குடிக்கிற தண்ணீர் இல்லாமல் எந்தக் கம்பெனியும் ஒரு வாரம் தாங்காது. படத்தின் நராச்சியில் எங்கள் ஏரி வராது. அந்த அத்தனை அடிமைகளும் எந்த ஏரித் தண்ணீரைக் குடித்தார்கள் என்று படம் முழுக்க மனம் ஒரு மூலையில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம்கூட அது எனக்குப் படத்தைக் கெடுக்கவில்லை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

பிரசாந்த் நீல் இயக்கி யஷ் நடித்த முதல் பாகம் 2018 டிசம்பர் 21இல் வந்தது. சைனைடு மேடு திரையில் முதன்முதலாக எழுந்தபோது தியேட்டரில் வந்த விசில் எந்த நடிகருக்கும் வந்ததில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: அது மலையும் இல்லை, குன்றும் இல்லை. கல்லை மாவாக அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு. நூறு வருஷத்துக்கும் மேலான கழிவு, மழை அரித்து அரித்துப் பள்ளம் பள்ளமாக, உச்சி தட்டையாக, சாம்பலும் மஞ்சளுமான ஒரு நிறத்தில் ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றுக்காலத்தில் அதன் தூசி லைன் வீடுகளுக்குள் புகுந்து சோற்றில் விழும். துணி காய வைக்க முடியாது. பிள்ளைகளுக்கு இருமல். எங்கள் கண்ணை உறுத்திய அதே மேட்டை ஒரு காமிராக்காரர் கீழிருந்து பார்த்து, இருட்டும் புழுதியும் சேர்த்து, புராணத்து அசுரர் கோட்டையைப் போல நிறுத்திவிட்டார். இத்தனைக்கும் இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு அந்த மேட்டைக் கெடுக்கிறது என்று 2019இல் உள்ளூரிலிருந்தே நீதிமன்றம் வரை போனார்கள். வழக்கை ஆதரித்துப் பேசியவர்களையும் பிறகு தியேட்டரில் பார்க்க முடிந்தது.

முதல் பாகம் வந்த அடுத்த சில மாதங்களில் பெங்களூர்ப் பையன்கள் பைக்கில் வந்து பேத்தமங்களா டீக்கடையில் வழி கேட்டார்கள்: “அண்ணா, நராச்சிக்கு எப்படிப் போவது?” நராச்சி என்று ஒரு ஊர் எங்கும் இல்லை. கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல், “நேரா போயி சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க, மேடு தெரியும்” என்றார். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் அவர் முகத்தில் இல்லை. உண்மையில் அவர் சொன்ன வழி சரியான வழிதான்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரைப் பற்றி வந்த செய்திகள் எல்லாம் பாக்கிப் பணம், கோர்ட்டு, நிலம் யாருக்கு என்கிற வகைதான். விடிவதற்குள் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஏறி, பெங்களூரில் காவலாளியாகவும் ஹவுஸ்கீப்பிங்கிலும் கம்பெனி லைனிலும் வேலை செய்துவிட்டு, ராத்திரி அதே ரயிலில் திரும்புகிற தலைமுறைக்கு “எந்த ஊர்?” என்ற கேள்வி சங்கடமானது. படம் வந்த பிறகு “கே.ஜி.எஃப்” என்று சொன்னால் கேட்டவன் புருவம் உயர்கிறது. சினிமா எவ்வளவு தப்பாகச் சொல்லியிருந்தாலும் அந்தப் புருவத்தை உயர்த்தியது சினிமாதான்; எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த வரலாறு அதைச் செய்யவில்லை. சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் 1965இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். அது எந்தப் புருவத்தையும் உயர்த்தவில்லை.

ஊர்ப்பாசம் மட்டும் காரணம் என்றால் இந்தக் கட்டுரை தேவையில்லை. படத்தின் சொல்முறையிலேயே எங்களுக்குப் பழக்கமான ஒன்று இருக்கிறது. ராக்கியைப் பற்றி ராக்கி பேசுவது குறைவு. எழுத்தாளர் பேசுகிறார், எதிரி பேசுகிறான், அடியாள் பேசுகிறான். வருவதற்கு முன்பே ஆள் பெருத்துவிடுகிறான். எங்கள் பாட்டன் பூட்டன் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள். அது தெருக்கூத்து மண். கூத்தில் வேஷக்காரன் நேராக வந்து நிற்க மாட்டான். இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று விருத்தம் பாடுவான். கிரீடமும் புஜகீர்த்தியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். கட்டியங்காரன் யார் நீ என்று கேட்டு, கிண்டல் செய்து, ஆளை இன்னும் உயர்த்துவான். துரியோதனன் நடந்தா வந்தான், தேரிலா வந்தான் என்று விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பதில்லை. வந்த விதம் எடுப்பாக இருக்கிறதா என்பதே கேள்வி. பம்பாய்ச் சாலையில் ஒரு காட்சி: கைக்குழந்தையோடு இருக்கும் ஏழைப் பெண் தவறவிட்ட பன் ஒன்று நடுரோட்டில் கிடக்கிறது, வண்டிகள் அதை நசுக்காமல் இருப்பதற்காக ராக்கி துப்பாக்கியோடு மொத்தப் போக்குவரத்தையும் நிறுத்துகிறான். எழுதிப் பார்த்தால் அபத்தம். ஒரு பன்னுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? ஆனால் அந்த அளவுக்கு மீறினதுதான் அதன் சுவை. அதை அளவோடு எடுத்திருந்தால் யாரும் இன்று ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். தேசிய விருதுக் குழுவே முதல் பாகத்துக்குச் சண்டை அமைப்புக்கும் சிறப்பு விளைவுகளுக்கும்தான் விருது கொடுத்தது. அவர்களும் கிரீடத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இப்படி ரசிப்பவர்களைப் பற்றித் தமிழில் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. ஜெயகாந்தன் 1972இல் எழுதிய ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’வில் வாத்தியார் படப் பித்துப் பிடித்த ஏழைப் பெண் சீரழிந்து போகிறாள். சினிமா அங்கே கள்ளைப் போல. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பற்றி எழுதிய ஆங்கில நூல் பிறகு ‘பிம்பச் சிறை’ என்று தமிழில் வந்தது. ஏழைகள் ஏன் ஒரு பிம்பத்துக்குள் அடைபட்டார்கள் என்பது அவர் கேள்வி. தியடோர் பாஸ்கரனின் வருத்தம் வேறு மாதிரி: நம் சினிமா கம்பெனி நாடகத்திலிருந்து வசனத்தையும் பாட்டையும் எடுத்துக்கொண்டு, காட்சிமொழியை வளர்க்காமல் விட்டுவிட்டது என்பார். மூவரிடமும் எனக்கு மரியாதை உண்டு. மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் ஜெயகாந்தனின் சித்தாளை எங்கள் லைன்களில் வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. எம்.ஜி.ஆர். படத்துக்கு முதல் நாள் அடித்துப் பிடித்துப் போனதும் இதே ஜனம்தான். 1930இல் கைரேகை பதிந்து ஒவ்வொருவரையும் குற்றவாளியைப் போல ரெஜிஸ்டரில் ஏற்றப் பார்த்தபோது வாரக்கணக்கில் சுரங்கத்தை நிறுத்திப் போட்டதும் இதே ஜனம்தான். கம்யூனிஸ்டையும் ரிபப்ளிகன் கட்சிக்காரரையும் அ.தி.மு.க.காரரையும் மாறி மாறிக் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. சிறைக்குள் அடைபட்டவர்கள் இவ்வளவு வாசல்களில் போய் வர மாட்டார்கள். படத்தை எந்த அளவுக்கு நம்ப வேண்டும் என்று அவர்களுக்கு ஓர் அளவு இருந்தது. அந்த அளவு விமர்சகர்களுக்குத் தெரியவில்லை.

‘கே.ஜி.எஃப்’பின் கதை எங்களுக்குப் புதிதும் இல்லை. 1965இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவ’னில் மருத்துவர் மணிமாறன் அடிமையாகத் தீவுக்குப் போகிறார், அடிமைகளோடு சேர்ந்து எழுகிறார், கப்பலைப் பிடிக்கிறார். அதன் மூலம் எரால் ஃபிளின் நடித்த 1935ஆம் வருஷத்து ‘கேப்டன் பிளட்’ என்பது ஊரறிந்தது. தமிழில் எடுத்தவர் பி.ஆர். பந்துலு, எங்கள் கோலார் மாவட்டத்துக்காரர். அடிமைகள் உடுத்தியிருக்கும் கிழிசல்கூட இஸ்திரி போட்டதாகத்தான் தெரியும். ஒவ்வொரு சங்கடமும் பாட்டில் தீர்ந்துவிடும். விடுதலையைப் பற்றி அவர்கள் கப்பலில் பாடும்போது, ஏழாவது லெவலில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு வந்த ஆளுக்கு இஸ்திரி கண்ணில் பட்டிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். பட்டிருக்கும். நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றியிருக்கும்.

அதே தலைப்பில் 2010 பொங்கலுக்கு செல்வராகவன் எடுத்த படம் இன்னொரு ஜாதி. அது வந்தபோது பலரும் கையை விரித்தார்கள். முதல் பாதி சாகசக் கதை, இரண்டாம் பாதி சோழர் புலம்பல். இரண்டுக்கும் முடிச்சு சரியாக விழவில்லை. கணினிக் காட்சிகள் பல்லிளித்தன. பின்னால் அதே படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள், 2021 கடைசி நாளில் மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. இடைப்பட்ட வருஷங்களில் படத்தின் குறைகள் எதுவும் சரியாகிவிடவில்லை. மணல்வெளியில் நடராசர் வடிவத்தில் நிழல் விழ, அந்த நிழலை விட்டு வெளியே கால் வைக்காமல் ஓட வேண்டும் என்று ஒரு கட்டம். அப்படி ஒன்றை யோசிக்க முடிந்த ஆள், இரண்டாம் பாதியை ஒழுங்காகக் கட்டுகிற ஆளாகவும் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். கிடைக்காது, அவ்வளவுதான்.

ரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024 ஆகஸ்ட் 15இல் வந்தபோது எங்களுக்குச் சிக்கல் தலைகீழானது. ‘கே.ஜி.எஃப்’ தகவலில் பொய், கையில் உறுதி. ரஞ்சித் படத்தில் அடிப்படை உண்மை; வட ஆற்காட்டு ஒடுக்கப்பட்ட ஜனம் நிலம் போய், பண்ணையடிமையாகி, வெள்ளைக்காரன் பின்னால் தங்கத்துக்கு வந்தது எங்கள் குடும்பக் கதை. மூன்று தலைமுறையாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையைப் பெரிய திரையில், விக்ரமின் உடம்பில் பார்த்தோம். ஆனால் படம் நிலைகொள்ளவில்லை. சாதி, நில உரிமை, பௌத்தம், நாகர், முன்ஜென்மம், திப்பு, கம்பெனி, தங்கத்தைக் காக்கும் ஆரத்தி, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. கனவு எது, நடப்பு எது என்று பிடிபடுவதற்குள் அடுத்த பிரமை வந்துவிடுகிறது. பல இடங்களில் விக்ரம் சொல்வது காதில் விழவில்லை. இடைவேளைக்குப் பிறகு என் பக்கத்து சீட்டுக்காரர் கடிகாரம் பார்க்க ஆரம்பித்தார்.

ஆனால் ரவிக்கைக் காட்சி இருக்கிறது. தங்கம் தேடப் போன தங்கலான் சட்டை போட்டுக்கொண்டு, குதிரையில் ஊர் திரும்புகிறான். பெண்களுக்கு ரவிக்கை கொண்டுவந்திருக்கிறான். அதுவரை மார்பில் சேலைத் தலைப்பு மட்டும் போட்டிருந்தவர்கள் அதை எடுத்துப் பார்க்கிறார்கள், போட்டுப் பார்க்கிறார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்கிறார்கள். பார்வதியின் கங்கம்மாவுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வருகின்றன. ரவிக்கை போட உரிமை மறுக்கப்பட்ட ஜனத்துக்கு அந்தத் துணி என்ன என்பதை யாரும் விளக்கவில்லை, வசனம் இல்லை, கருத்து இல்லை. தியேட்டரில் எனக்கு முன் வரிசையில் இருந்த வயதான அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் தெரிந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. இந்த ஒரு காட்சிக்காகப் படத்தின் மற்றதையெல்லாம் மறந்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. மற்றதை மறக்க முடியாது, ரெண்டு மணி நேரத்துக்கு மேல் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தோம். நூறு வருஷமாக யாரும் எடுக்காத கதையை முதன்முதலாக எடுக்கிறவன் எல்லாவற்றையும் அதே படத்தில் சொல்லிவிடத் தவிக்கிறான். இன்னொரு வாய்ப்பு வருமோ வராதோ. படத்தின் திணறல் அந்தத் தவிப்பிலிருந்து வருகிறது. ரவிக்கைக் காட்சியும் அங்கிருந்துதான்.

தங்க வயல்காரன் இந்த இடத்தில், ஒரு டன் கல்லில் சில கிராம் தங்கம் என்று உவமை சொல்வது எதிர்பார்க்கிற ஒன்று. குறையுள்ள படத்தில் நல்லதை மட்டும் பிரித்தெடுத்து ரசிக்கலாம், மிச்சத்தைக் கொட்டிவிடலாம் என்று. எனக்கு அது பொருந்தவில்லை. மிச்சத்தைக் கொட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் வந்து பார்க்கலாம். சினிமாவிலும் அப்படிப் பிரித்தெடுக்க வருவதில்லை. பன்னுக்காக நடுரோட்டை மறிக்கிற அதிகப்பிரசங்கித்தனத்தை எடுத்துவிட்டால் ராக்கி என்று யாரும் இல்லை. அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் 1969இல் குப்பைப் படங்களைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். குப்பை தரும் சந்தோஷத்தைத் தாராளமாக அனுபவியுங்கள், அதற்காக அதைக் கலை என்று பெயர் மாற்றாதீர்கள் என்பது அவர் கட்சி. நேர்மையான நிலைதான். ஆனால் குப்பை என்றும் கலை என்றும் இரண்டு கூடை வைத்துக்கொண்டு அவர் பேசுகிறார். எங்கள் பெரியப்பாவுக்குக் கூடையே கிடையாது.

எனக்குப் பொறுக்காத இடம் ஒன்று உண்டு. கேஜ் இல்லாதது, ஏரி இல்லாதது, தேதி தப்பு, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். நராச்சியின் தொழிலாளிகளுக்கு வாய் இல்லை. அடிபடுகிறார்கள், சாகிறார்கள், ஒருவன் வருவான் என்று காத்திருக்கிறார்கள், வந்ததும் கும்பிடுகிறார்கள். ராக்கி அவ்வளவு பெரிதாகத் தெரிய அவர்களை அவ்வளவு காலியாக வைக்க வேண்டியிருக்கிறது. தியேட்டரில் கையைத் தட்டியதும் அந்தக் கட்டத்துக்குத்தான், வீட்டுக்கு வந்து தூக்கம் வராமல் கிடந்ததும் அதே கட்டத்தால்தான். யூனியன் கட்டி, கொடி ஏற்றி, கம்பெனி துரையிடம் நேருக்கு நேர் நின்று பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்கள் தாத்தாக்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இந்தக் கோபம் வந்ததால் விசில் பொய் என்றாகாது. இரண்டாம் பாகம் 2022 ஏப்ரல் 14இல் வந்தது. எங்கள் பக்கத்தில் அம்பேத்கர் பிறந்தநாள் என்பது சாதாரண விடுமுறை நாள் இல்லை. காலையில் சிலைக்கு மாலை போட்டுவிட்டு மத்தியானம் ராக்கியைப் பார்க்கப் போனவர்களில் நானும் உண்டு.

யாராவது 1930 வேலைநிறுத்தத்தைப் படமாக எடுக்கட்டும். கதாநாயகன் வைண்டிங் என்ஜின் கூரையிலிருந்து மெதுவாகக் குதித்து வரலாம், ஆட்சேபணை இல்லை. புழுதி வேண்டிய மட்டும் கிளப்பிக்கொள்ளலாம், சைனைடு மேட்டை இன்னும் இரண்டு மடங்கு உயரமாகக் காட்டலாம், கடைசியில் துரையின் ஜீப் வெடிக்கவும் செய்யலாம், 1930இல் இங்கே ஏதுடா ஜீப் என்று பெரியப்பா கேட்கட்டும். பெருவிரல் வைக்க மாட்டேன் என்று சொன்னவர்களில் ஒரு நாலு பேருக்காவது வசனமும் குளோசப்பும் கொடுங்கள். பின்னணி இசையை எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.